பிரிட்டனில் புதிதாக இறங்கிய கொங்குப் பிள்ளைகளுக்கு: ஹோம் ஆபீஸ் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கமிருந்து படிப்புக்கும் வேலைக்கும் பிரிட்டன் போய்ச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல வருடம் அங்கே இருந்துவிட்டு இப்போது ஈரோட்டில் இருக்கிறேன். "பையனுக்கு அங்க விசாவுல ஏதோ சிக்கலுங்களாம்" என்று அடிக்கடி யாராவது பெற்றோர் வந்து உட்காருகிறார்கள். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்கியிருக்கும்: விசாக் கணக்கு பிள்ளையின் கையில் இல்லை.

ஹோம் ஆபீஸ் என்பது அந்த நாட்டு உள்துறை. 1782-ல் உண்டானது. போலீஸ் கொள்கை, பயங்கரவாதத் தடுப்பு, எல்லைக் காவல், பாஸ்போர்ட், விசா எல்லாம் அதன் பொறுப்பு. விசா கொடுப்பது யூகேவிஐ என்ற பிரிவு. விமான நிலையத்தில் உங்களைப் பார்ப்பது பார்டர் ஃபோர்ஸ். அனுமதியில்லாமல் வேலை செய்பவர்களைத் தேடி வருவது இமிகிரேஷன் என்ஃபோர்ஸ்மென்ட். நம்ம கலெக்டர் ஆபீஸ் மாதிரி மனுவோடு போய் நிற்க அங்கே கவுண்டர் கிடையாது. எல்லாமே ஆன்லைன் கணக்கு வழியாகத்தான் நடக்கும்.

முன்பு கையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்தார்கள். 2024 கடைசியோடு அது போய்விட்டது, இப்போது இ-விசா, அதாவது ஆன்லைனிலேயே இருக்கும் விசாப் பதிவு. வீடு வாடகைக்குப் பிடிக்க, வேலையில் சேர, எதற்கானாலும் யூகேவிஐ கணக்கில் நுழைந்து ஷேர் கோட் (உங்கள் விசாவை அடுத்தவர் ஆன்லைனில் சரிபார்ப்பதற்கான குறியீடு) எடுத்துக் கொடுக்க வேண்டும். வேலைக்கான கோட் டபிள்யூ எழுத்தில் தொடங்கும், வாடகைக்கானது ஆர் எழுத்தில். 90 நாள் செல்லும். வாடகைக்கு இதைக் கேட்பது இங்கிலாந்தில் மட்டும்தான். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இந்தச் சட்டம் கிடையாது.

கணக்கில் நுழையப் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி கொடுத்ததும் மொபைலுக்கோ இமெயிலுக்கோ ஒரு கோட் வரும். காந்திபுரத்தில் இருக்கும் ஏஜென்ட் விண்ணப்பம் போடும்போது தன் மொபைல் நம்பரையும் தன் இமெயிலையும் கொடுத்திருந்தால், அந்தக் கோட் அவருக்குத்தான் போகும். நீங்கள் லெஸ்டரில் வீட்டு ஓனர் முன்னால் நின்றுகொண்டு ஊருக்குப் போன் போடுவீர்கள்; இங்கே நடுராத்திரி, அவர் எடுக்க மாட்டார். அதனால் போய் இறங்கிய முதல் வாரமே கணக்கைத் திறந்து இமெயில், மொபைல் இரண்டையும் உங்களுடையதாக மாற்றுங்கள். ஏஜென்ட் கோட் தராமல் இழுத்தடித்தால், அரசு இணையதளத்திலேயே கணக்கை மீட்கும் படிவம் இருக்கிறது. வீடு மாறினால் முகவரியை மாற்றுங்கள். பாஸ்போர்ட் புதுப்பித்தால் புது எண்ணைக் கணக்கில் ஏற்றிய பிறகே டிக்கெட் போடுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, விசா பழைய பாஸ்போர்ட் எண்ணிலேயே கிடந்தால் செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

மாணவர்களுக்கு வேலை விஷயம். பட்டப் படிப்பு, மேற்படிப்பு விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 10, அடுத்த வாரம் 30 என்று சராசரி பார்க்க முடியாது. ஒரு வருட மாஸ்டர்ஸ் படிப்பில் கோடைக்காலத்து ஆய்வறிக்கை மாதங்களும் பெரும்பாலும் பாடக்காலக் கணக்கில்தான் வரும்; பல்கலைக்கழகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் பெயரில் இருக்கும் சாப்பாட்டு டெலிவரி கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டவே ஓட்டாதீர்கள். அப்படி ஓட்டுவது சுயதொழில் கணக்கில் வரும்; மாணவர் விசாவில் சுயதொழிலே கூடாது. டெலிவரி ஓட்டுபவர்களை நிறுத்திச் சோதிப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. பிடிபட்டால் படிப்பு, கட்டிய பணம், அடுத்த விசா எல்லாம் போகும்.

ஸ்பான்சர்ஷிப்பை, அதாவது வேலை விசாவுக்கு நிறுவனம் கொடுக்கும் ஆதரவை, லட்சக்கணக்கில் விலை பேசுகிறவரிடம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். ஸ்பான்சர் செய்ய உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை ஹோம் ஆபீஸே வெளியிடுகிறது, யாரும் பார்க்கலாம். அங்கே பணம் வாங்கிக்கொண்டு விசா ஆலோசனை சொல்லவும் வக்கீலாகவோ பதிவு பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குற்றம்.

அப்புறம் அந்தப் போன். "ஹோம் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் ஃபைலில் தவறு இருக்கிறது, இன்றைக்கே அபராதம் கட்டாவிட்டால் நாடு கடத்துவோம்" என்பார்கள். பாஸ்போர்ட் எண்ணைக் கூடச் சரியாகச் சொல்வார்கள். திரையில் தெரியும் நம்பர் அரசு நம்பர் போலவே இருக்கும், அதைப் போலியாகக் காட்ட முடியும். ஹோம் ஆபீஸ் போனில் மிரட்டிப் பணம் கேட்காது. வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 159-ஐ அழையுங்கள்; பெரும்பாலான வங்கிகளுக்கு அது நேராக இணைத்துவிடும். ஊரில் அப்பாவிடமும் இதை இப்போதே சொல்லி வையுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று கேட்டால் மஞ்சள் மூட்டையை வந்த விலைக்குப் போட்டுவிட்டாவது பணம் அனுப்பிவிடுவார்.

போலீஸ் என்றால் நம்ம பக்கம் குடும்பமே நடுங்கும். அங்கே அவசரத்துக்கு 999, அவசரமில்லாத புகாருக்கு 101. தமிழில்தான் பேச வரும் என்றால் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்பாடு செய்வார்கள். புகார் கொடுத்ததற்காக ஒழுங்காக இருக்கும் விசா பறிபோகாது. இனத்தைச் சொல்லித் திட்டினால், பஸ்ஸில் யாராவது தள்ளினால், பொறுத்துக்கொண்டு வந்துவிடாமல் சொல்லுங்கள்.

 

கல்யாணமாகி டிபென்டன்ட் விசாவில், அதாவது கணவரின் விசாவைச் சார்ந்த விசாவில் போகும் அம்மிணிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் யூகேவிஐ கணக்கு உங்கள் இமெயிலில், உங்கள் மொபைலில் இருக்கட்டும். பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கட்டும். "எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று அன்பாகவே சொன்னாலும் சரி. வீட்டில் அடி உதை என்றால் 999. மொபைலில் அழைத்துவிட்டுப் பேச முடியாத நிலை என்றால், கேட்கும்போது 55 அழுத்துங்கள், போலீஸுக்கு இணைப்பார்கள். 0808 2000 247 என்பது வீட்டு வன்முறைக்கான இலவச உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். கணவரின் விசாவை வைத்து வந்தவர், கொடுமையால் பிரிந்தால், தன் பெயரில் 3 மாத அனுமதி கேட்டு ஹோம் ஆபீஸில் விண்ணப்பிக்கலாம்; அந்தக் காலத்தில் அரசு உதவித்தொகையும் கேட்க முடியும். 2024 பிப்ரவரியிலிருந்து மாணவர், வேலை விசாக்காரர்களின் மனைவிமாருக்கும் இது உண்டு. மகளை அனுப்பிவிட்டுக் கோபியிலோ காங்கேயத்திலோ இருக்கும் பெற்றோர், அடுத்த முறை பேசும்போது அந்த 0808 உதவி எண்ணை அவளுக்குச் சொல்லி, வேறு பெயரில் மொபைலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.