யூரோப்பாவின் விரிசல்களைப் படிக்கும் முறை

வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவின் பனிப்பரப்பைப் பிளந்த விசை எது என்று படங்களிலிருந்து அறிய விரும்புவோர், முதலில் விரிசல்களின் வயது வரிசையை வகுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கோடு இன்னொன்றை வெட்டிச் சென்றால், வெட்டியது இளையது. இந்த வரிசை கையில் இல்லாமல் தகைவுக் கணக்கில், அதாவது பனிக்குள் உண்டாகும் இழுப்பையும் அழுத்தத்தையும் கணக்கிடுவதில், இறங்குவது வீண் வேலை என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது அன்றாட ஓதம், அதாவது வியாழனின் ஈர்ப்பால் யூரோப்பாவில் எழும் புடைப்பின் ஏற்ற இறக்கம். யூரோப்பா 3.55 நாளுக்கு ஒருமுறை வியாழனைச் சுற்றுகிறது. வியாழனின் மற்றத் துணைக்கோள்களான ஐயோ, கானிமீடு ஆகியவற்றுடன் கொண்டுள்ள ஒத்ததிர்வு (சுற்றுக்காலங்கள் எளிய விகிதத்தில் அமைவதால் ஒன்றையொன்று சீராக இழுப்பது) அதன் பாதையைச் சரியான வட்டமாக விடுவதில்லை என்பதால், வியாழனை நோக்கிய புடைப்பு சுற்றுதோறும் உயர்ந்து தாழ்வதோடு சற்றே இருபுறமும் அசைகிறது. அடியில் கடல் இருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு சுமார் 30 மீட்டர். பனி பாறையோடு ஒட்டியிருந்தால் ஏறக்குறைய 1 மீட்டர்தான்.

இழுவிசைக்குச் செங்குத்தாகவே பனி பிளக்கும் என்பதை நினைவில் வைத்து, வில் வில்லாகத் தொடரும் விரிசல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இழுவிசை பனியின் வலிமையை மிஞ்சியதும் விரிசலின் முனை ஏறத்தாழ மனிதர் நடக்கும் வேகத்தில் முன்னேறுகிறது. அதற்குள் இழுவிசையின் திசை மெல்லத் திரும்புவதால் பாதை வளைகிறது. விசை தணிந்ததும் முனை நின்றுவிடுகிறது. அடுத்த சுற்றில் விசை மீண்டும் ஏறும்போது திசை மாறியிருப்பதால், அந்த இடத்தில் கூர்முனை ஒன்று உண்டாகி அடுத்த வில் தொடங்குகிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீளும் ஒவ்வொரு வில்லும் யூரோப்பாவின் ஒரு நாள், அதாவது ஒரு சுற்றின், பதிவு. இந்தத் துறையில் இதைவிட அழகான சான்றை நான் கண்டதில்லை.

நீண்ட பழைய கோடுகள் பல இந்த அன்றாடக் கணக்குக்குள் அடங்குவதில்லை. பனி ஓடு உட்பகுதியைவிடச் சற்றே வேகமாகச் சுழன்றால், புடைப்பின் மீது அது நகர நகரத் தகைவு சேர்ந்துகொண்டே போய், அன்றாட ஓதத்தின் தகைவைவிடப் பன்மடங்காகலாம். ஆகவே பழைய விரிசலை இன்றைய இடத்திலிருந்து படிப்படியாக மேற்கே நகர்த்தி, எந்தத் தீர்க்கரேகையில் தகைவு வரைபடத்தோடு அதன் திசை பொருந்துகிறது என்று பாருங்கள். வாயேஜர், கலிலியோ விண்கலங்களின் படங்களை ஒப்பிட்டதில், அத்தகைய சுழற்சி இருந்தாலும் ஒரு முறை முடிய 12,000 ஆண்டுகளுக்கு மேலாகும் என்று தெரிந்தது. ஒரே ஒரு விரிசல் பொருந்தியதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். பனி ஓடு முழுதாகச் சாய்ந்து துருவம் இடம்பெயர்ந்திருந்தாலும் அதே திசை கிடைக்கக்கூடும் என்பதால், ஒரே காலத்தைச் சேர்ந்த பல விரிசல்களும் சேர்ந்து ஒரே விடையைத் தர வேண்டும்.