வைரஸ் எச்சரிக்கை ஃபார்வர்டு வந்தால் என்ன செய்வது?

2002-ல் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "ஜேடிபிஜிஎம்ஜிஆர் என்ற ஃபைலைத் தேடுங்கள். கரடி பொம்மை படம் போட்டிருக்கும். இருந்தால் அது வைரஸ். 14 நாள் சும்மா இருந்துவிட்டு வேலையைக் காட்டும். ஆன்டிவைரஸுக்குச் சிக்காது. அழித்துவிட்டு, தெரிந்த எல்லோருக்கும் சொல்லுங்கள்."

தேடினேன். சாம்பல் நிறக் குட்டிக் கரடி உட்கார்ந்திருந்தது! அழித்தேன், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன், நாற்பது பேருக்கு அனுப்பினேன்.

உண்மையில் அது ஜாவா நிரல் எழுதுகிறவர்களுக்காக மைக்ரோசாஃப்டே விண்டோஸில் வைத்த கருவி. அதனால்தான் தேடியவர்களுக்கெல்லாம் அகப்பட்டது. நாங்களோ அதையே ஆதாரம் என்று நம்பினோம்.

சரி, இப்போது அப்படி ஒன்று வந்தால்:

1. கடைசி வரியை முதலில் படியுங்கள். "எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

2. செய்தியில் வரும் விசித்திரமான பெயரோடு 'புரளி' என்று சேர்த்துக் கூகுளில் தேடுங்கள். 'மார்டினெல்லி என்ற வீடியோவைத் திறந்தால் போன் போச்சு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதே, அப்படி ஒரு வீடியோவே கிடையாது. ஆனால் அதே செய்தி 'வாட்ஸ்அப் கோல்டு' லிங்க்கைத் தொடாதே என்றும் சொன்னது. வாட்ஸ்அப்பின் சிறப்புப் பதிப்பு என்று ஏமாற்றிய அந்த லிங்க் நிஜமான மோசடி. பாதி உண்மை என்பதால் முழுதையும் நம்பிவிடாதீர்கள்.

3. எந்த ஃபைலையும் அழிக்காதீர்கள். சந்தேகம் தீரவில்லையா? வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். ஏற்றுவதை மற்றவர்களும் பார்க்க வாய்ப்புண்டு, ஆகவே ஆதார், பாங்க் காகிதங்கள் வேண்டாம்.

4. ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, எல்லோருக்கும் நீக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நாளைக்குச் சற்று மேல்தான் அவகாசம். அதோடு விடாமல், அதே ஆட்களுக்கு "நான் அனுப்பியது புரளி, எதையும் அழிக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

நானும் நாற்பது பேருக்கும் எழுதினேன். மாமா மட்டும் பதில் போட்டார்: "கரடியை அழிச்சுட்டேனே, எப்படித் திரும்ப வரவைக்கிறது?"

"நீங்க ஜாவா எழுதுறதில்லையே மாமா, அது இல்லாமலே கம்ப்யூட்டர் ஓடும்" என்றேன்.