வளர்ப்புக் கூட்டில் ராணி எறும்பு செத்துப்போனால்

தேனீக்கள் ராணியை இழந்தால் இளம் புழு ஒன்றைத் தனியாக ஊட்டி வளர்த்துப் புது ராணி ஆக்கிக்கொள்ளும். கட்டெறும்புக் கூட்டில் அது நடக்காது. பறந்து இணைசேர்ந்தபோது கிடைத்த விந்தணுவை ராணி வயிற்றுக்குள் சேமித்து, ஆண்டுக்கணக்கில் முட்டையிடுகிறது. வேலைக்கார எறும்புகள் இடும் முட்டையிலிருந்து சிறகுள்ள ஆண்கள்தான் வரும். ஆகவே இருக்கும் ராணியைக் காப்பதே முதல் வேலை.

புது ராணிகள் பெரும்பாலும் சாவது முதல் இரண்டு மாதத்தில். 20 மி.மீ. விட்டமுள்ள டெஸ்ட் டியூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, நீர் கசியாதபடி பஞ்சை இறுக்குங்கள். ராணியை விட்டு, வாயையும் பஞ்சால் அடைத்து, துணி சுற்றி இருட்டில் வையுங்கள். இந்தக் கட்டத்தில் சாப்பாடு வேண்டாம். சிறகுத் தசையையும் உடம்புக் கொழுப்பையும் கரைத்தே அது முதல் புழுக்களை ஊட்டிவிடும். வைத்த தேன் பூசணம் பிடிப்பதுதான் மிச்சம். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் துணியை விலக்காதீர்கள்; அடிக்கடி அதிர்ந்தால் ராணி தன் முட்டைகளையே தின்றுவிடும். பிரிட்ஜ் மேலேயும் ஸ்பீக்கர் பக்கத்திலும் வைக்கக் கூடாது.

வேலைக்கார எறும்புகள் வந்தபின் ஒரு பங்கு தேனுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஒரு சொட்டு, கூடவே சின்னத் துண்டு வெட்டுக்கிளி. மருந்தடித்துச் செத்த கரப்பானைப் போட்டால் கூடே போய்விடும்.

ராணி அசையாமல் கிடந்தாலும் அவசரப்படாதீர்கள். செத்த பிறகும் அதன் மணம் உடம்பில் தங்கும். சில நாள் வேலைக்கார எறும்புகள் நக்கிக்கொண்டே இருக்கும். கால்கள் சுருண்டு, உடலைக் குப்பை மூலைக்கு இழுத்துப் போட்டால் முடிந்தது.

இனி புது ராணியைப் பழைய கூட்டுக்குள் விடுவதுதான் எல்லோரும் செய்வது. பெரும்பாலும் பழைய வேலைக்கார எறும்புகள் அந்த ராணியின் காலைக் கவ்வி இழுத்துக் கொன்றுவிடும். மாற்றிச் செய்யுங்கள்: கூட்டுப்புழுக்களைப் புது ராணியிடம் கொண்டுபோங்கள். மழைக்காலத்தில் சிறகுதிர்த்து நடக்கும் அதே இன ராணியைப் பிடித்துக் குழாயில் வைத்து, முட்டையிடும்வரை காத்திருங்கள். பிறகு பழைய கூட்டிலிருந்து கூட்டுப்புழு உறைகள் ஐந்தாறை மெல்லிய பிரஷால் எடுத்து, ஒட்டியிருக்கும் பெரிய எறும்புகளைத் தட்டிவிட்டு, ராணியருகே வையுங்கள். ஒரு முனையில் கரும்புள்ளி தெரியும் உறை, புள்ளி இல்லாததைவிட முன்னதாகப் பொரியும். வெளிறிய நிறத்தில் வெளிவரும் குட்டி எறும்பு முதலில் அறியும் மணம் இந்த ராணியுடையதுதான், அதனால் சண்டையில்லை. அவை நடமாடத் தொடங்கியதும் ஒரு சொட்டுத் தேன்நீர் கொடுங்கள். புழுக்களைவிட உறைகளே மேல். அவற்றுக்கு ஊட்ட வேண்டியதில்லை.

உறையே இல்லையென்றால், மிக வெளிறிய இரண்டு எறும்புகளை மட்டும் பத்து நிமிடம் பிரிட்ஜில் குளிரவைத்து (பிரீசரில் அல்ல) ராணியோடு விட்டுப் பார்க்கலாம். உணர்கொம்பால் தடவி நக்கினால் நல்லது. வயிற்றை வளைத்தாலோ கொம்பைக் கடித்தாலோ உடனே பிரித்துவிடுங்கள். இந்த வழி பல தடவை பொய்த்துப்போகும்.

எல்லா இனமும் கட்டெறும்பு போல இல்லை. வீடுகளில் திரியும் சின்ன மஞ்சள் நிறப் பாரோ எறும்பு கூட்டுக்குள்ளேயே இணைசேர்ந்து புது ராணிகளை உண்டாக்கும். தென்னிந்தியாவில் வாழும் ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர் என்ற குதிக்கும் எறும்பில், ராணி போனதும் வேலைக்கார எறும்புகள் உணர்கொம்பால் மோதிக்கொள்ளும். வென்றவை முட்டையிடத் தொடங்கும், அவற்றின் ஆயுளும் பல மடங்கு நீளும். இந்த இனத்துக்கு ராணி தேடி அலைய வேண்டாம்.

கட்டெறும்பின் பழைய வேலைக்கார எறும்புகளைப் புது ராணியோடு சேர்க்காமல் தனியாகவே வைத்துத் தேன்நீர் கொடுத்துவாருங்கள், மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அங்கே மிச்சமுள்ள புழுக்களையும் அவையே ஊட்டிக் கூட்டுப்புழு ஆக்கும். உறை கட்டியதும் இரண்டிரண்டாகப் புது ராணிக்கு மாற்றலாம்.