பஞ்சாங்கத்தில் ‘தசமி 23.40’ என்றால் மணி எத்தனை?

பஞ்சாங்கத்தை முதன்முதலாகப் புரட்டுபவர்கள் ‘தசமி 23.40’ என்பதைப் பார்த்ததும் இரவு பதினொன்று நாற்பது என்று நினைத்துவிடுகிறார்கள். அது கடிகார மணி அல்ல. தசமி திதி முடியும் நேரம்: 23 நாழிகை, 40 விநாடி. பஞ்சாங்கத்தின் நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை, சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து எண்ண வேண்டும்.

படி 1: நாழிகையை மணியாக்குங்கள்

ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு நாழிகைக்கு 60 விநாடி, அதாவது ஒரு விநாடி நம் கணக்கில் 24 நொடி.

23 நாழிகை × 24 = 552 நிமிடம். 40 விநாடி = 16 நிமிடம். மொத்தம் 568 நிமிடம், அதாவது 9 மணி 28 நிமிடம். அன்று உதயம் 6.10 என்றால் தசமி பிற்பகல் 3.38 வரை. அப்புறம் ஏகாதசி.

இங்கே உதயம் என்பது பஞ்சாங்கம் எந்த ஊருக்குக் கணிக்கப்பட்டதோ அந்த ஊரின் உதயம். சூரியனை விட்டுச் சந்திரன் ஒவ்வொரு 12 பாகை விலகும்போதும் ஒரு திதி முடிகிறது. அது வானத்தில் நடப்பது என்பதால் சென்னைக்கும் கோவைக்கும் அதே கணம்தான்.

படி 2: ராகுகாலம்

இதற்கு மட்டும் உங்கள் ஊர் உதயம் வேண்டும். சென்னையில் உதித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்தே கோவையில் சூரியன் உதிக்கும். தினசரித் தாளில் வருவது காலை 6 முதல் மாலை 6 வரை என்று வைத்துப் போட்ட பொதுக்கணக்கு.

உதயம் 6.10, அஸ்தமனம் 6.34 என்றால் பகல் 744 நிமிடம். எட்டால் வகுத்தால் பங்குக்கு 93 நிமிடம். திங்களன்று ராகுகாலம் இரண்டாவது பங்கு, 7.43 முதல் 9.16 வரை. மற்ற கிழமைகளுக்குப் பெரியவர்கள் சொல்லும் வரி இருக்கிறது: ‘திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா’. திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு என்று இரண்டாம் பங்கிலிருந்து எட்டாம் பங்கு வரை வரிசையாக வரும். எனக்கு இதைவிட நல்ல அட்டவணை தெரியாது.

எமகண்டம், குளிகைக்கும் இதே எட்டுப் பங்குதான், பங்கின் எண் மட்டும் மாறும்.

படி 3: விரதம் என்றைக்கு?

நம் கணக்கில் ஏகாதசி பிற்பகலிலேயே வந்துவிட்டது. ஆனால் விரதம் அன்று இல்லை, மறுநாள். ஏகாதசிக்கு உதயத்தில் இருக்கும் திதியைப் பார்ப்பது வழக்கம். எல்லா விரதத்துக்கும் இதே விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரதோஷத்துக்கு அஸ்தமன வேளையில் திரயோதசி இருக்க வேண்டும். சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரன் உதிக்கும்போது சதுர்த்தி இருக்க வேண்டும். அதனால் திதி முடியும் நேரத்தோடு, அந்த விரதத்துக்கு எந்த வேளை முக்கியம் என்பதையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.