கர்சிவ் எழுத்தில் வேகம்: என் பையன் சிக்கிய இடமும் சரிசெய்த விதமும்

ஜூலையில் ஒரு நாள் பள்ளி விட்டு வந்தவன், பையைக்கூடக் கழற்றாமல், “மா, மிஸ் போர்டை அழிச்சிட்டாங்க, பாதிதான் எழுதினேன்” என்று அழுதான். நாலாம் வகுப்பு. கர்சிவில், அதாவது எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்து எழுதும் ஆங்கிலக் கையெழுத்தில், மெதுவாக எழுதினால் முத்து முத்தாக இருக்கும். வேகமாக எழுதச் சொன்னால் கோழி கிளறினாற்போல் ஆகிவிடும். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தினம் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். இரண்டு மாதத்தில் சரியானது. எழுத்துகளின் வடிவம் ஏற்கெனவே தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் இந்த முறை.

1. முதலில் அளந்து பாருங்கள்

‘தி குயிக் பிரவுன் ஃபாக்ஸ் ஜம்ப்ஸ் ஓவர் தி லேசி டாக்’ என்ற வாக்கியம் போதும். 26 எழுத்தும் அதில் வந்துவிடும், மொத்தம் 35 எழுத்து. ஒரு நிமிடத்தில் எவ்வளவு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எங்களுக்கு ‘ஜம்ப்ஸ்’ வரை, அதாவது 21 எழுத்து வந்தது.

2. அழுத்தத்தைக் குறையுங்கள்

எழுதிய தாளைத் திருப்பி, பின்பக்கம் விரலால் தடவுங்கள். மேடு மேடாகத் தட்டுப்பட்டால் பிள்ளை அழுத்தி எழுதுகிறது. கை சீக்கிரம் வலிக்கும். நான் 2பி பென்சிலுக்கு மாற்றினேன். லேசாகத் தொட்டாலே கறுப்பாக விழும். முக்கோண வடிவப் பென்சில் கிடைத்தால் இன்னும் நல்லது, விரல்கள் தானாக இடத்தில் உட்காரும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் பென்சிலையும் நாலு கோடு நோட்டையும் மொத்தமாகவே வாங்கிவிடலாம். நோட்டை நேராக வைக்காமல், அதன் தலைப்பக்கம் லேசாக இடப்புறம் சாயும்படி வையுங்கள்.

3. ‘ஓ’வுக்கு அப்புறம் என்ன நடக்கிறது?

எங்களை மூன்று வாரம் நிறுத்தியது இதுதான். ஒரு நாள் அவன் எழுத்தைப் பார்க்காமல் பென்சில் முனையை மட்டும் பார்த்தேன். ‘மார்னிங்’ எழுதும்போது ‘ஓ’ முடிந்ததும் பென்சில் தாளை விட்டு எழும்பியது. ‘ஆர்’ தனியாக ஆரம்பித்தது. எழும்பாத இடத்தில் கோட்டைக் கீழே இழுத்துச் சேர்த்தான். ‘ஓ’ பார்ப்பதற்கு ‘ஏ’ ஆகிவிட்டது.

காரணம் எளிது. மற்ற எழுத்துகள் எல்லாம் கீழ்க்கோட்டில் முடிந்து அடுத்ததற்குப் போகும். ‘பஸ்’ஸில் வரும் பி, ஓ, வி, டபிள்யூ, இந்த நாலு மட்டும் மேலே, நாலு கோட்டில் இரண்டாவது கோட்டருகே முடியும். அங்கிருந்தே அடுத்த எழுத்துக்குத் தாவ வேண்டும். அந்த இணைப்பு, மொட்டைமாடித் துணிக்கொடி போல லேசாகத் தொய்ந்தால் போதும், தரையைத் தொடக் கூடாது. இப்படிச் சொன்னதும் அவனுக்குப் பிடிபட்டது.

முதலில் ‘ஓ-ஆர்’ ஜோடியை மட்டும் ஒரு வரி. அப்புறம் ‘பாய்’, ‘ஓவர்’. கடைசியாக ‘பிரவுன்’; அந்த ஒரே சொல்லில் மூன்று மேல் இணைப்பு இருக்கிறது. இந்தக் கட்டத்தில் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம்.

‘டைம்’ என்று எழுதினால் ‘டி’யின் குறுக்குக்கோடும் ‘ஐ’யின் புள்ளியும் சொல் முடிந்த பிறகுதான். நடுவில் நின்று புள்ளி வைக்கும் பழக்கம் வேகத்தைத் தின்றுவிடும்.

4. போர்டைப் பார்க்கும் தடவையைக் குறையுங்கள்

எழுத்துக்கு எழுத்து நிமிர்ந்து பார்த்தால் எந்தக் கையும் வேகம் பிடிக்காது. மூன்று சொல்லை வாய்க்குள் சொல்லிக்கொண்டு குனியட்டும்.

5. மறுபடி கடிகாரம்

வாரம் ஒரு முறை போதும். படிக்க முடியாத சொல்லைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எட்டாவது வாரம் 38 எழுத்து வந்தது.

பின்சேர்க்கை

இடக்கைப் பிள்ளைக்கு என்ன செய்வது என்று ராயபுரத்திலிருந்து ஒரு அம்மா கேட்டார். நோட்டின் தலைப்பக்கம் வலப்புறம் சாயட்டும். கை, எழுதும் வரிக்குக் கீழே இருக்கட்டும். பென்சிலைச் சற்று மேலே பிடித்தால் எழுதுவது கண்ணுக்குத் தெரியும். தயவுசெய்து கையை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்.

இன்னொருவர் வியர்வையைப் பற்றிக் கேட்டார். நம் பக்கத்துக் கடல் காற்றில் உள்ளங்கை தாளில் ஒட்டும், எழுத்தும் தேய்ந்து மங்கும். கைக்கடியில் ஒரு பழைய பருத்திக் கைக்குட்டையை மடித்து வைத்து, வரி மாறும்போது அதையும் சேர்த்து நகர்த்தச் சொல்லுங்கள்.