கடற்கரை மணலில் ஃபோராம் தேடுவது எப்படி?

ஃபோராமினிஃபெரா, சுருக்கமாக ஃபோராம், கடலில் வாழும் ஓடுள்ள மிகச் சிறிய உயிரி. உடம்பு ஒரே ஒரு செல்தான், ஆனால் வளர வளர ஓட்டில் ஒவ்வொரு அறையாகக் கட்டிச் சேர்த்துக்கொண்டே போகும், அறைக்கு அறை ஒரு சின்னத் துளை வைத்து. பெரும்பாலானவை 1 மி.மீ.க்கும் சிறியவை. பார்ப்பதற்கு டீ வடிகட்டி, இரண்டு கிண்ணம், கறுப்புத் தாள், மெல்லிய பெயிண்டிங் பிரஷ், 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும்.

முதலில் மணல். பவளப்பாறைகளுக்குப் பக்கத்துக் கரைதான் நல்லது, அதனால் ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் போனால் இரண்டு ஸ்பூன் எடுத்து வாருங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன, அங்கே கை வைக்கவே கூடாது. அலை வந்து திரும்பும் இடத்தில் லேசான துகள்கள் வெள்ளைக் கோடாக ஒதுங்கியிருக்கும், அதை மட்டும் மேலாக வழித்தெடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் மூன்று நான்கு தடவை கழுவ வேண்டும். உப்பு தங்கிவிட்டால் காய்ந்த பிறகு உப்புப் படிகம் எது, ஓடு எது என்று குழம்பிப்போவீர்கள். ஆனால் கலங்கிய தண்ணீரை உடனே கொட்டிவிடாதீர்கள்! ஓடுகளின் உள்ளே வெற்றிடம், அதனால் மணல் அடியில் இறங்கிய பிறகுதான் அவை மெதுவாக வந்து உட்காரும். அரிசியில் கல் அரிப்போமே, அதே கைப்பழக்கம்தான்: கிண்ணத்தை லேசாகச் சுழற்றினால் மணல் கல்லைப்போலத் தங்கும், ஓடுகள் அரிசிபோல மேலே வரும். அந்த மேல் அடுக்கை வேறு கிண்ணத்துக்கு மாற்றிக் காயவையுங்கள்.

காய்ந்ததை வடிகட்டியில் சலித்து, கீழே விழுவதைக் கறுப்புத் தாளில் பரப்புங்கள். சரி, எது ஃபோராம்? மணல் கண்ணாடிபோல ஒழுங்கில்லாமல் இருக்கும். ஃபோராமில் அறைகள் சேரும் இடமெல்லாம் கோடு தெரியும். ஆரம்பத்தில் எல்லோரும் குட்டி நத்தையைப் பார்த்து ஏமாறுவார்கள்; நத்தை ஓட்டுக்குப் பெரிய திறந்த வாய் உண்டு, உள்ளே தடுப்புச் சுவர்கள் கிடையாது. 1826-இல் இவற்றுக்குப் பெயர் வைத்த பிரெஞ்சுக்காரர் அல்சிட் தொர்பின்யியே இவற்றை நத்தை, கணவாய் வகையறாவோடுதான் சேர்த்திருந்தார், அதனால் நீங்கள் குழம்புவதில் தப்பே இல்லை.

வினிகர் ஊற்றிச் சோதிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். சுண்ணாம்பு ஓடு கரைந்துபோகும், அதோடு உடைந்த சிப்பித்துண்டும் அதே மாதிரிதான் நுரைக்கும்.

பிரஷ் நுனியைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஓடு ஒட்டிக்கொண்டு வரும். நீர்த்த கோந்து தடவிய கறுப்பு அட்டையில் ஒவ்வொன்றாக வைத்து, எடுத்த இடத்தையும் தேதியையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அடுத்த தடவை பழவேற்காடு ஏரிச் சேற்றை இதே மாதிரி கழுவிப் பாருங்கள், உப்பும் ஆழமும் மாறினால் வகைகளும் எப்படி மாறுகின்றன என்று இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்தாலே தெரியும்.