குதிகால் குத்துக்கு முன்பே தொடங்க வேண்டியது: பச்சைக் குழந்தையின் வலியும் நாம் செய்யும் தவறுகளும்

“பச்சை மண்ணுக்கு என்ன வலி தெரியப்போகுது?” முதல் தவறு இதுதான். 1980கள் வரை மருத்துவர்களில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். போதிய மயக்க மருந்து இல்லாமல் அறுவை சிகிச்சைகூட நடந்தது. வலியை உணரும் நரம்புப் பாதைகள் பிறக்கும்போதே இயங்குகின்றன என்பதை 1987இல் ஆனந்த், ஹிக்கி என்ற இரு மருத்துவர்கள் எழுதிய கட்டுரை எடுத்துவைத்தது. முகத்தைப் பாருங்கள்: புருவம் நெரியும், கண் இறுக மூடும், மூக்கோரம் மடிப்பு விழும். குறைமாதக் குழந்தைக்கு அழக்கூடத் தெம்பு இருக்காது. விரல்களை விரித்துத் துவளும், ஆக்சிஜன் அளவு இறங்கும். அழவில்லை என்பதால் வலிக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

அதிகம் நடப்பது நேரத் தவறு. ரத்தப் பரிசோதனைக்காகக் குதிகாலில் குத்தி முடித்து, குழந்தை வீறிட்ட பிறகுதான் “பால் கொடும்மா” என்பார்கள். வரிசையே தலைகீழ். முதலில் குழந்தை மார்பை நன்றாகக் கவ்வ வேண்டும். தாடை சீராக அசைந்து, விழுங்கும் சத்தம் கேட்ட பிறகு குத்தலாம். குத்தும்போதும் மார்பிலிருந்து எடுக்க வேண்டாம். புரையேறும் என்ற பயத்தில் பாலை நிறுத்துகிறார்கள். தடுப்பூசி போடும்போதே பால் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பால் கொடுக்க முடியாவிட்டால், டயப்பர் மட்டும் போட்டு அம்மாவின் வெறும் மார்போடு அணைத்து வையுங்கள். அதையும் 10, 15 நிமிடம் முன்பே தொடங்க வேண்டும்.

தாய் அருகில் இல்லாதபோது 24 சதவீத சுக்ரோஸ் (சர்க்கரை) கரைசல் கைகொடுக்கும். குத்துவதற்கு 2 நிமிடம் முன்பு, நாக்கு நுனியில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறைமாதக் குழந்தைக்கு 1 மில்லி அளவே போதும். குறைமாதக் குழந்தைக்கு அதைவிட மிகக் குறைவு, எடை பார்த்து மருத்துவர் சொல்வார். வேலை செய்வது இனிப்புச் சுவைதான். குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டால் பலனில்லை. சில நிமிடங்களில் வலு குறைந்துவிடும் என்பதால், கொடுத்துவிட்டு லான்செட்டை (குத்தும் சிறு கூர்முனைக் கருவியை) தேடப் போகக் கூடாது. இதைச் சேனை வைப்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வீட்டில் கரைத்த சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். தேன் கூடவே கூடாது: பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோய் வரலாம், ஒரு வயதுவரை.

இனி குத்தும் கை. உள்ளங்காலில் குதிகாலின் இரு ஓரங்கள்தான் சரியான இடம். பின்வளைவில் எலும்பு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆழம் 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதனால் சாதாரண ஊசியைவிடத் தானியங்கி லான்செட் நல்லது. ரத்தம் வரவில்லையென்று குதிகாலைப் பிழிந்தால், குத்தைவிட அந்தப் பிழிதல் வலிக்கும். சிவப்பணுக்கள் உடைந்து, பரிசோதனை முடிவில் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும், மறுபடி குத்த நேரும். மரப்பு களிம்பும் பாராசிட்டமாலும் குதிகால் குத்துக்கு உதவுவதில்லை. நிறைமாதக் குழந்தைக்கு, குதிகாலுக்குப் பதிலாகச் சிரையிலிருந்து பழகியவர் ரத்தம் எடுத்தால் வலி இன்னும் குறைவு.

பஞ்சை அழுத்தி ரத்தம் நின்றதுமே குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நகராதீர்கள். ஒரு கை தலையில், ஒரு கை மடக்கிய கால்களில் இருக்கட்டும். மூச்சு சீராகி, இறுகிய விரல்கள் தளரும்வரை.